நறநறக்கும் பால் டிஃப்: குண்டை மாற்றும் முன் தட்டல்களை எண்ணுங்கள்

ரேடியோவில் ஓட்டும் உங்கள் ஆர்சி (RC) வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, பின் சக்கரங்கள் இரண்டையும் எதிரெதிராகச் சுற்றிப் பார்க்கிறீர்கள். சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி விரலுக்கு நறநறவென்று ஏதோ தட்டுப்படுகிறது. பெரும்பாலானவர்கள் அடுத்த நிமிடமே டிஃப்பை, அதாவது வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலை, கழற்றி, பன்னிரண்டு குண்டுகளையும் கொட்டிவிட்டு, புது கார்பைடு குண்டு போட்டு மூடுவார்கள். மூடியபின் சுற்றிப் பார்த்தால் நறநறப்பு போயிருக்காது. குண்டின் மேல் சந்தேகம் விழுவது இயல்புதான், பெயரிலேயே ‘பால்’ இருக்கிறதே. ஆனால் உள்ளே கெட்டுப்போகக்கூடிய பொருள்களின் வரிசையில் குண்டு முதலில் வருவதில்லை.

இங்கே பேசப்போவது நிஜ வண்டியின் 1/10 அளவுள்ள, இருசக்கர இயக்க ஆர்சி பக்கியின் பின் டிஃப் பற்றி. 3/32 அங்குல, அதாவது 2.38 மி.மீ. குண்டுகள் போட்ட வகை. தட்டையான அடித்தட்டு கொண்ட 1/12 பான் காரில் குண்டு 1/8 அங்குலம், அது ஸ்பர் கியருக்குள்ளேயே (மோட்டார் சுற்றும் பெரிய பல்சக்கரம்) உட்கார்ந்திருக்கும். அளவு மாறினாலும் வேலை செய்யும் விதமும் கெடும் விதமும் ஒன்றுதான். இந்த டிஃப் வந்ததே பான் கார்களுக்காகத்தான். இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் செசில் ஷூமாக்கர் தொடங்கிய நிறுவனம் இதை வைத்துத்தான் தொழிலையே ஆரம்பித்தது. (ஃபார்முலா ஒன் ஷூமாக்கரை நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர் வேறு.) பிடிப்பு அதிகமான கார்ப்பெட் தளங்களில் இன்று பலரும் குண்டுக்குப் பதில் பல்சக்கரம் வைத்த கியர் டிஃப்புக்கு மாறிவிட்டார்கள். புழுதி பறக்கும் மண் தளத்தில் பால் டிஃப்புக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

கியரின் துளைகளில் குண்டுகள். அவற்றுக்கு இரு பக்கமும் தட்டையான எஃகு ரிங் ஒவ்வொன்று. ஒவ்வொரு ரிங்கும் அதனதன் அவுட்டிரைவில் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கிண்ணம்) உட்கார்ந்திருக்கும். நழுவாமல் இருக்க நடுத்துளை ஆங்கில ‘D’ எழுத்து வடிவில் வெட்டியிருக்கும். இந்த மொத்த அடுக்கையும் நடுவே போகும் மெல்லிய ஸ்க்ரூ ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது. ஸ்க்ரூவின் ஒரு முனையில் ஸ்பிரிங்கும் டி-நட்டும் (‘T’ வடிவ நட்), மறு முனையில், அதாவது தலைப் பக்கம், திரஸ்ட் பேரிங். டி-நட் ஒரு அவுட்டிரைவோடு பூட்டிக்கொள்வதால் ஸ்க்ரூவும் அந்த அவுட்டிரைவோடு சேர்ந்தே சுற்றும். ஸ்க்ரூவின் தலை உட்காரும் மற்ற அவுட்டிரைவோ வளைவில் வேறு வேகத்தில் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தை விழுங்கத்தான் திரஸ்ட் பேரிங்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஸ்பிரிங் தரும் அழுத்தம் முழுவதையும் டிஃப்பில் பன்னிரண்டு குண்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதே அழுத்தம், ஒரு கிராம்கூடக் குறையாமல், திரஸ்ட் பேரிங் வழியாகவும் போகிறது. அங்கே இருப்பவை 6 அல்லது 8 குண்டுகள், அதுவும் 5/64 அங்குலம் என்ற அளவில் இன்னும் சின்னவை. போதாததற்கு, கியரைப் பிடித்துக்கொண்டு ஒரு அவுட்டிரைவை ஒரு சுற்று சுற்றினால், ரிங்குக்கும் கியருக்கும் இடையே நடப்பது ஒரு சுற்று. திரஸ்ட் பேரிங்கின் இரண்டு வாஷர்களுக்கு இடையே நடப்பது இரண்டு சுற்று. ஆள் குறைவு, சுமை அதிகம், ஓட்டமும் இரட்டிப்பு. முதலில் சாவது அதுதான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கழற்றும் முன்

முதலில் சத்தம் டிஃப்பிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். மோட்டார் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பினியனை (மோட்டார் அச்சிலுள்ள சின்ன பல்சக்கரம்) ஸ்பரிலிருந்து விலக்குங்கள். மோட்டார் காந்தத்தின் தட்டல்களை டிஃப்பின் தட்டல் என்று நினைத்து ஏமாறுவது சகஜம். பிறகு டிஃப்பிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகள் (டாக்போன் அல்லது சிவிடி) இரண்டையும் எடுத்துவிட்டு, அவுட்டிரைவுகளை வெறும் விரலால் சுற்றுங்கள். இப்போது நறநறப்பு காணோமென்றால் குற்றம் ஆக்ஸில் பேரிங்கிலோ, டாக்போன் முனையிலுள்ள ஊசி (pin) அரித்துப் பள்ளம் விழுந்த அவுட்டிரைவ் காதிலோ இருக்கிறது. டிஃப்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்து டிஃப்பை கியர்பாக்ஸிலிருந்து முழுதாக, பிரிக்காமல், வெளியே எடுங்கள். அதன் இரு பக்கமும் இருக்கும் பெரிய பேரிங்குகளை (பல பக்கிகளில் 10×15×4 மி.மீ.) கழற்றித் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள். தூசி அடைத்த பேரிங் ஒன்று போதும், நல்ல டிஃப்பைக் கெட்டது என்று சொல்ல வைக்க.

இப்போது கையில் இருப்பது டிஃப் மட்டும். ஸ்க்ரூ எந்த இறுக்கத்தில் இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். ஒரு அவுட்டிரைவின் விளிம்பில் மார்க்கரால் கோடு போடுங்கள். கியரை இடது கையில் அசையாமல் பிடித்து, அந்த அவுட்டிரைவை மிக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எத்தனை முறை தட்டுகிறது என்று எண்ணுங்கள்.

இந்த எண்ணிக்கையில்தான் முக்கால்வாசி விடை இருக்கிறது. கியரைப் பிடித்திருக்கும்போது டிஃப் குண்டுகள் இருந்த இடத்திலேயே உருள்கின்றன. அவற்றின் மேல் ரிங் நகர்கிறது. ரிங்கில் குண்டுகள் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தால், பன்னிரண்டு பள்ளங்களும் பன்னிரண்டு குண்டுகளும் 30 டிகிரிக்கு ஒருமுறை ஒன்றாகச் சேரும். சுற்றுக்குப் பன்னிரண்டு தட்டு, ஒழுங்காக, கடிகாரம் போல. பள்ளம் ஒன்றே ஒன்று என்றாலும் அதை ஒவ்வொரு குண்டாகக் கடக்கும், ஆகவே எண்ணிக்கை மாறாது; தட்டு மட்டும் மெல்லியதாக இருக்கும். திரஸ்ட் பேரிங்கில் பள்ளம் என்றால்? வாஷர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு சுற்று போகின்றன, இடையிலுள்ள குண்டுகளோ அதில் பாதி வேகத்தில் நகர்கின்றன. எனவே ஒவ்வொரு வாஷரின் மேலும் குண்டு வரிசை ஒரு சுற்றுதான் போகிறது. எட்டுக் குண்டு என்றால் எட்டுத் தட்டு, ஆறு என்றால் ஆறு. உங்கள் வண்டியின் கையேட்டில் இரண்டு இடத்துக்கும் குண்டு எத்தனை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் டிஃப்பில் 14 அல்லது 16 குண்டுகள் வரும். எந்த எண் கையில் தட்டுகிறதோ அந்த இடத்தில்தான் பள்ளம்.

எண்ணவே முடியாமல் தொடர்ச்சியாக மணல் அரைப்பது போல இருந்தால் அழுக்கு, அல்லது குண்டின் மேற்பரப்பே பாழ். ரிங் ஒரு சுற்று போவதற்குள் குண்டு ஏழெட்டு முறை உருண்டுவிடுகிறது. அதனால் ஒரே குண்டில் தட்டையான இடம் விழுந்திருந்தாலும் கைக்கு அது தனித்தட்டாகத் தெரியாமல் நமநமவென்ற அதிர்வாகவே தெரியும். திடீரென்று ஓரிடத்தில் சிக்கி, கொஞ்சம் முன்னே பின்னே ஆட்டினால் விடுபட்டு, அடுத்த முறை வேறு இடத்தில் சிக்கினால் உள்ளே ஏதோ துகள் உலாவுகிறது. உடைந்த குண்டின் சில்லாகவும் இருக்கலாம், கூடு கிழிந்த திரஸ்ட் பேரிங்காகவும் இருக்கலாம்.

நறநறப்பே இல்லாமல், சுற்றுக்கு ஒருமுறை இறுகி ஒருமுறை தளர்கிறதா? அது வேறு வியாதி. ரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, ரிங்குக்கு அடியில் கிரீஸ் கட்டியோ இழையோ மாட்டியிருக்கிறது, அல்லது ஸ்க்ரூவே வளைந்திருக்கிறது. குண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று தளர்த்திவிட்டு மறுபடி சுற்றுங்கள். நறநறப்பு மங்கினால் சுமை தாங்கும் இடங்களில், அதாவது ரிங், குண்டு, திரஸ்ட் பேரிங் ஆகியவற்றில், கோளாறு. கொஞ்சமும் மாறவில்லை என்றால் கியரின் நடுவிலுள்ள சின்ன பேரிங்கையோ, அவுட்டிரைவுக்குள் இருக்கும் பேரிங்கையோ பாருங்கள். இந்தப் பேரிங்குகளை வருடக்கணக்கில் யாரும் மாற்றுவதில்லை, அவை இருப்பதே பலருக்கு நினைவிருக்காது.

பிரிக்கும்போது கிரீஸைத் துடைக்காதீர்கள்

ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றி, வெள்ளைத் துணியின் மேல் அடுக்கு வரிசைப்படி வையுங்கள். இடது ரிங் இடது அவுட்டிரைவோடு, வலது வலதோடு. கையில் கிளீனர் பாட்டிலை எடுக்கும் முன் கிரீஸின் நிறத்தைப் பாருங்கள்.

டிஃப் குண்டுகளில் போடுவது கண்ணாடி போன்ற சிலிகான் கிரீஸ். அது லேசாகச் சாம்பல் நிறமாகியிருப்பது இயல்பு. வெளிச்சத்தில் பளபளவென்று மினுங்கினால் ரிங்கிலிருந்து உலோகம் உரிந்துகொண்டிருக்கிறது, அதாவது டிஃப் நழுவியிருக்கிறது. சிவப்பும் பழுப்புமாக இருந்தால் துரு, ஈரத்தில் ஓட்டி அப்படியே வைத்திருக்கிறீர்கள். மைக்கருப்பாக இருந்தால் திரஸ்ட் பேரிங்கின் கருப்பு கிரீஸ் இந்தப் பக்கம் ஒழுகி வந்திருக்கிறது. இது கொஞ்சம் கவலைக்குரியது, காரணம் பின்னால் வருகிறது. கார்ப்பெட்டில் ஓட்டும் வண்டியென்றால் தலைமுடி போன்ற நார் அச்சைச் சுற்றி நூல்கண்டாகக் கட்டியிருக்கும். பல டிஃப்புகளுக்கு அதை உருவி எடுத்தாலே பாதி உயிர் வந்துவிடும்.

பார்த்து முடித்தபின் உலோகப் பாகங்களை மோட்டார் கிளீனர் ஸ்பிரேயிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ கழுவுங்கள். கியருக்கு ஆல்கஹால் மட்டும் போதும்; கார் பிரேக் கிளீனர் சில பிளாஸ்டிக்குகளை உப்ப வைத்து வெடிக்க வைக்கும். பஞ்சு வைத்துத் துடைக்காதீர்கள். போன இழை திரும்ப வந்துவிடும்.

திரஸ்ட் பேரிங்

முதலில் இதைப் பாருங்கள். வாஷரைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் குண்டு ஓடிய தடம் தெரியும். சீரான, மெல்லிய, பளபளப்பான வளையம் என்றால் பரவாயில்லை. அந்த வளையத்தில் புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்தாலோ, நகத்தால் குறுக்கே இழுக்கும்போது விளிம்பு தட்டினாலோ வாஷரும் குண்டும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். வாஷரை விட்டுவிட்டுக் குண்டை மட்டும் மாற்றுவது, பழைய தார்ச்சாலையில் புது டயர் போட்டுவிட்டுக் குலுங்குகிறதே என்று கேட்பது போல.

கூடு இல்லாத பழைய வகையில் குண்டுகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று தொலைந்தாலும் வெளியிலிருந்து தெரியாது, மற்றவை இடைவெளி விட்டு நகர்ந்து கொள்ளும். சுமை ஒரு பக்கம் சாயும். எண்ணிப் போடுங்கள். கூடு வைத்த வகையில் வாஷரின் ஒரு முகத்தில்தான் குண்டு ஓடும் பள்ளத்தடம் வெட்டியிருக்கும். அந்த முகம் குண்டைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது பேரிங்கே முதல் நாளிலிருந்து நறநறக்கும். ‘புதுசு போட்டும் போகவில்லை’ என்ற புலம்பலில் கணிசமான பங்கு இந்த ஒரு தவறுக்கு உண்டு. சில செட்களில் இரண்டு வாஷர்களின் துளை அளவும் ஒன்றுபோல் இருக்காது. சிறிய துளை உள்ளது ஸ்க்ரூவின் மேல் பொருந்தி உட்காரும், பெரிய துளை உள்ளது ஸ்க்ரூவைத் தொடாமல் அவுட்டிரைவின் மேல் உட்காரும். மாற்றி வைத்தால் வாஷர் ஸ்க்ரூவில் உரசும்.

தனியாகச் சோதிக்க ஒரு வழி: திரஸ்ட் பேரிங்கை ஸ்க்ரூவில் கோத்து, அவுட்டிரைவுக்குள் இறக்கி, ஆலன் கீயை ஸ்க்ரூ தலையில் வைத்து நன்றாக அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். ரிங்கும் குண்டும் இல்லாததால் இப்போது கைக்குத் தெரிவதெல்லாம் இது ஒன்றின் குணம்தான். இங்கே வழவழப்பு இல்லாவிட்டால் மேற்கொண்டு பூட்டுவதில் அர்த்தமே இல்லை.

கருப்பு கிரீஸை, அதாவது மாலிப்டினம் கலந்ததை, இங்கே தாராளமாக அப்புங்கள். குண்டு மூழ்கும் அளவு இருந்தாலும் தப்பில்லை. ஸ்க்ரூவின் தண்டிலும் அவுட்டிரைவின் உட்சுவரிலும் ஒழுகுவதை மட்டும் துடைத்துவிடுங்கள்.

ரிங்

ரிங்கில் குண்டு ஓடிய வட்டத் தடம் இருக்கும். தடம் இருப்பதே குற்றமில்லை; ஆழம்தான் பிரச்சினை. நகம் தட்டாத தடம் என்றால் ரிங்கைத் திருப்பிப் போட்டு மறுமுகத்தை ஓட்டலாம். தட்டினால் தேய்க்க வேண்டும், தேய்த்தும் போகவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

தேய்க்கும் முறையில் அவசரம் ஆகாது. தடித்த கண்ணாடி ஒன்றின் மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரப்படுத்தி ஒட்டுங்கள். ரிங்கை ஒரு விரலால் சீராக அழுத்தி எட்டு வடிவத்தில் இருபது தடவை இழுங்கள். எடுத்து, கால் சுற்று திருப்பி, மறுபடி இருபது. இடையே பாருங்கள்: கோடுகள் ரிங் முழுவதும் ஒரே மாதிரி விழுந்தால் ரிங் தட்டை. வெளிவிளிம்பில் மட்டும், அல்லது உள்விளிம்பில் மட்டும் விழுந்தால் ரிங் தட்டு போலக் குவிந்திருக்கிறது. மேலும் தேய்த்துத் தட்டையாக்குங்கள். கடைசியில் 1000 நம்பரில் பத்து இழுப்பு. கண்ணாடிப் பளபளப்பு வரை போகத் தேவையில்லை. லேசான மங்கல் முகத்தில் குண்டு நன்றாகவே பிடிக்கும். முதல் சில நிமிடம் மெல்லிய கரகரப்பு தெரியும், ஓட ஓட அது படிந்துவிடும்.

ரிங்குகளை அச்சில் வெட்டித்தான் தயாரிக்கிறார்கள். அதனால் ஒரு முகத்தின் விளிம்பு கொஞ்சம் உருண்டும், மறுமுகத்தின் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். கூர் விளிம்பில் பிசிறு நிற்கும். பிசிறை வழித்து எடுக்காமல் அந்த முகத்தை அவுட்டிரைவுக்குள் வைத்தால் ரிங் மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும், சுற்றுக்கு ஒருமுறை இறுக்கம் என்று முன்னே சொன்னேனே, அது இங்கிருந்தும் வரும். அவுட்டிரைவின் உள்மூலையும் துல்லியமான செங்கோணமாக இருப்பதில்லை. உருண்ட விளிம்பு அந்தப் பக்கம் போனால் ரிங் நன்றாக அமர்கிறது. ரிங்குக்கு அடியில் கிரீஸ் போட்டு ஒட்ட வைக்கும் பழக்கம் உண்டென்றால், விரலில் தடவித் துடைத்தபின் மிஞ்சும் அளவே போதும். அதற்கு மேல் போனால் ரிங் மிதக்கும்.

குண்டு

எஃகுக் குண்டு, கார்பைடு, செராமிக் என்று மூன்று வகை கிடைக்கிறது. டிஃப் ஒருமுறை நன்றாக நழுவிவிட்டால் எஃகுக் குண்டில் தட்டை விழும். கார்பைடும் செராமிக்கும் அவ்வளவு எளிதில் கெடாது, ஆனால் அந்த அடியை ரிங் வாங்கிக்கொள்ளும். எனவே கார்பைடு போட்டவர்கள் ரிங்கைக் கவனிக்க வேண்டும், எஃகு போட்டவர்கள் குண்டைக் கவனிக்க வேண்டும். கார்பைடுக்கே என் ஓட்டு. செராமிக்கின் எடைக் குறைவு ஒரு கிளப் ஓட்டுநருக்கு என்ன லாபம் தரும் என்று தெரியவில்லை.

பழைய குண்டோடு புதுக் குண்டைக் கலக்கவே கூடாது. தேய்ந்த ஒன்பதோடு புது மூன்றைப் போட்டால் அந்த மூன்றும் ஒரு மயிரிழை பெரியவை. முழு அழுத்தத்தையும் அவையே தாங்கி, ரிங்கைக் குழி பறிக்கும். ரேஸ் நாளில் ஒரு குண்டு உருண்டு ஓடிவிட்டதென்றால், வேறு அளவுக் குண்டைத் திணிப்பதைவிட, எதிர்த் துளையில் இருப்பதையும் எடுத்துவிட்டுப் பத்தோடு ஓட்டுவது மேல். வீடு வந்ததும் சரிசெய்துகொள்ளலாம்.

கியரின் துளைகளையும் விட்டுவிடாதீர்கள். குண்டு துளைக்குள் சுதந்திரமாக உருள வேண்டும், இறுக்கமாக உட்காரக்கூடாது. புதுக் கியரில் வார்ப்புப் பிசிறு துளை விளிம்பில் நிற்பதுண்டு. கூரான கத்தி முனையால் மெதுவாக வழித்தால் போதும். துளையைத் துளையிட்டுப் பெரிதாக்கக் கூடாது.

இங்கே கிரீஸ் கொஞ்சம்தான். ஒவ்வொரு துளையிலும் கடுகளவு சிலிகான் டிஃப் கிரீஸ் வைத்து, குண்டை அழுத்தினால் அது தானாக நிற்கும். மேலே பிதுங்கினால் அதிகம். இங்கே கருப்பு கிரீஸ் வரவே கூடாது. உலோகத்தோடு உலோகம் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. இந்த டிஃப்போ குண்டுக்கும் ரிங்குக்கும் இடையிலான பிடிப்பை நம்பி வாழ்கிறது. கருப்பு கிரீஸ் கசிந்து வந்த டிஃப் கையில் அற்புதமாகச் சுற்றும், தளத்தில் முதல் த்ராட்டிலிலேயே நழுவி ரிங்கைச் சுட்டுவிடும். கியர் டிஃப்புக்கும் ஷாக்குக்கும் ஊற்றும் சிலிகான் எண்ணெயும் இதற்கு ஆகாது.

பூட்டுதல்

ஸ்பிரிங்கைப் பிளையரால் மூன்று நான்கு முறை முழுதாக நசுக்கி விடுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில அழுத்தங்களில் கொஞ்சம் குட்டையாகும். அது வண்டிக்குள் நடப்பதைவிடக் கையில் நடந்து முடிவது நல்லது. டி-நட்டின் நைலான் பிடி தளர்ந்திருந்தால், அதாவது ஸ்க்ரூ விரலாலேயே சுற்றி உள்ளே போனால், நட்டை மாற்றுங்கள். மரை தேய்ந்த ஸ்க்ரூவையும் தூக்கிப் போடுங்கள். ஓடும்போது தானாகத் தளரும் டிஃப் நழுவும், நழுவிய டிஃப் நறநறக்கும். ஸ்க்ரூவைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு உடனே தெரியும்.

ஸ்க்ரூவை இறுக்கும்போது அவுட்டிரைவின் காது இடுக்கில் ஓர் ஆலன் கீயைச் செருகித் தடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இறுக்கி, டிஃப்பைச் சில சுற்று சுற்றி, மறுபடி கொஞ்சம். ஸ்பிரிங் முழுதாக நசுங்கியதும் ஸ்க்ரூ திடீரென்று கெட்டியாகும். அங்கே நிறுத்தி, 1/8 முதல் 1/4 சுற்று வரை பின்னால் வாருங்கள். உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சட்டம்.

அந்தக் கால் சுற்றை விட்டுவைப்பது சடங்கு அல்ல. ஸ்பிரிங் முழுதாக நசுங்கிய நிலையில் அது ஸ்பிரிங்கே அல்ல, இரும்புக் குழாய். ஜம்ப்பிலிருந்து வண்டி த்ராட்டிலோடு தரையில் விழும்போது வரும் அடியை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல், அது நேராகக் குண்டு வழியாக ரிங்கிலும் திரஸ்ட் வாஷரிலும் இறங்கும். மேலே எண்ணச் சொன்ன பன்னிரண்டு தட்டும் எட்டுத் தட்டும் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. நறநறக்கும் டிஃப்பை ‘இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்’ என்று இறுக்குபவர்கள் நோயையே மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

படிய வைத்தல்

கியர்பாக்ஸில் போட்டு, மோட்டாரை இணைத்து, வண்டியை ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு பின் டயரைக் கையால் பிடித்துக்கொண்டு மிகக் குறைந்த த்ராட்டிலில் 15, 20 விநாடி ஓட்டுங்கள். மறு டயர் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், விரலை அருகில் கொண்டுபோக வேண்டாம். பக்கம் மாற்றி அதே நேரம். அவுட்டிரைவைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு சரி, சுட்டால் எங்கோ சறுக்குகிறது. ஸ்க்ரூவை 1/16 சுற்று இறுக்கி மறுபடி ஓட்டுங்கள், ஆனால் முன்பு பார்த்த கெட்டி நிலையைத் தொடும் வரை போகாதீர்கள். மூன்று நான்கு தடவையில் கரகரப்பு மறைந்து, தேனுக்குள் சுற்றுவது போன்ற ஒரு கனமான வழவழப்பு வரும். புது பேரிங் போல இலேசாகச் சுற்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறுக்கிய பால் டிஃப் அப்படிச் சுற்றாது, சுற்றினால் அது தளர்வாக இருக்கிறது.

பிறகு நழுவல் சோதனை. ஸ்பர் கியரையும் வலது பின் டயரையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு, இடது டயரை முன்னோக்கித் தள்ளுங்கள். நல்ல பலத்தோடு தள்ளியும் அசையக்கூடாது. எளிதாக அசைந்தால் 1/16 சுற்று இறுக்குங்கள். இறுக்கியும் அசைந்தால் ரிங்கில் எண்ணெயோ கருப்பு கிரீஸோ இருக்கிறது, திரும்பவும் பிரிக்க வேண்டியதுதான். ஸ்பர் கியரோடு இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் எப்போதும் டிஃப்பைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். நழுவுவது அதன் வேலை, அதற்கென்றே செய்த தகடு அங்கே இருக்கிறது. தளத்தில் நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுக்கும்போது ‘ஙீ’ என்று நீளமாக இழுத்தால் அது ஸ்லிப்பர். ‘கீச்’ என்று பறவை கத்துவது போல வெட்டிக் கேட்டால் டிஃப். அந்தக் கீச்சொலியோடு இன்னும் இரண்டு சுற்று ஓட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தால், ஒரு செட் ரிங்குக்குக் காசு எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

முதல் பேட்டரி தீர்ந்ததும் நழுவல் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். குண்டு தன் தடத்தில் படிந்ததில் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும், 1/16 சுற்று கேட்கும். அதற்குப் பிறகு புழுதித் தளமென்றால் ஒவ்வொரு ரேஸ் நாள் முடிவிலும், கார்ப்பெட் என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், டாக்போனைக் கழற்றி விரலால் ஒரு சுற்று. தட்டு கேட்டால் எண்ணுங்கள்.